கட்டிங் மாஸ்டரிடம் மறைத்த செய்தி

என் அம்மா யூனிபார்ம் தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அறுபது அடுக்குத் துணியை நீளமான மேசைமேல் விரித்து, மேல் அடுக்கில் சாக்பீஸால் கோடு போட்டு, மின்கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டி அறுபது சட்டைகளின் கழுத்தை ஒன்றாக வெட்டி எடுப்பாள். கை பிசகினால் ஒரு சட்டை அல்ல, அறுபது சட்டை பாழாகும். பதினான்கு வருஷத்தில் அவள் கை இரண்டு முறை பிசகியிருக்கிறது. அந்த இரண்டையும் தேதியோடு அவளே சொல்வாள்.

துணி கொண்டுவரும் புது ஆட்கள் மாடிக்கு வந்து சுற்றிமுற்றிப் பார்ப்பார்கள்.

“மாஸ்டர் இல்லீங்களாம்மா?”

“உங்க முன்னாடிதான் நிக்கிறாரு. கூப்பிட்டுப் பாருங்க,” என்பாள் அம்மா, சாக்பீஸைக் கீழே வைக்காமல்.

கம்பெனியில் எல்லோரும் அவளை மாஸ்டரக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வெட்டு மேசை இருப்பது மாடியில். இருபத்திரண்டு படிகள். போன வருஷம் ஒரு நாள் பதினோராவது படியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அங்கே சுவரில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைப் படிப்பதுபோல் நின்றாள். அடுத்த நாளும் நின்றாள். ஒரு மாதத்தில் அந்த அறிவிப்பு அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பிறகு கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. புதுச் செருப்பு வாங்கினாள். அதுவும் இரண்டு வாரத்தில் நுழையவில்லை. படுத்தால் இருமல் வந்தது. அப்போதும் தூசி, பஞ்சு, துணிக் கம்பெனி என்றால் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பாதான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பத்து நாள் அங்கேயே வைத்துவிட்டார்கள்.

டாக்டர் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து பேசினார்.

“உங்க இதயம் வேலை செய்யுதும்மா. ஆனா பாதி பலத்துலதான் செய்யுது. இது சளி மாதிரி வந்துட்டுப் போற நோய் இல்ல. கூடவேதான் இருக்கும். மாத்திரை, உப்பு, தண்ணி, இந்த மூணுலயும் கவனமா இருந்தா நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பார்க்கலாம்.”

“எவ்வளவு தண்ணி?” என்று அம்மா கேட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். அளவு சொல்லிவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அவள் எங்கும் போய்விடுவாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றில் அழியாத மையால் எட்டுக் கோடுகள் போட்டாள். காலையில் எழுந்ததும் எடை பார்த்து நோட்டில் எழுதினாள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் தங்குகிறது என்று அர்த்தம், உடனே போன் செய்ய வேண்டும். மாத்திரைகளை வேளைவாரியாகத் துணி நம்பர் ஒட்டும் ஸ்டிக்கரால் பிரித்து வைத்தாள். நோயை ஒரு புது ரகத் துணியைப்போல விரித்துப் பார்த்து, எங்கே இழுபடும், எங்கே சுருங்கும் என்று தெரிந்துகொண்டாள். இரண்டு மாதத்தில் வீட்டுப் படியேறும்போது ஒரு முறை நின்றால் போதும் என்ற நிலைக்கு வந்தாள்.

எங்களுக்குத்தான் அந்தப் பக்குவம் வரவில்லை.

அப்பாவின் அக்கா, என் அத்தை, பக்கத்து வீட்டில் இருக்கிறார். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வராந்தாவில் வைத்து அத்தை சட்டம் போட்டுவிட்டார்.

“இனிமே இவ காதுல ஒரு கெட்ட செய்தி விழக்கூடாது. இதயம் தாங்காது. யாரு எதைச் சொல்றதா இருந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க.”

அப்பா தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். எந்த டாக்டரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கு இதயத்தில் எது வந்தாலும் முதல் வேலையாக அவரிடம் பேசுவதைக் குறைத்துவிடுவோம். அத்தையின் மாமனாருக்கு அவருடைய வீடு விற்றதே ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரியும் என்பார்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நல்லது மட்டுமே நடந்தது. தொடர் நாடகத்தில் யாராவது சாகப்போகிறார்கள் என்று தெரிந்தால் அத்தை ரிமோட்டை எடுத்துவிடுவார். அம்மாவின் தம்பி, என் மாமா, ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார். ஆறு வாரமாக வேலை அதிகம், வரமுடியவில்லை என்று வீடியோவில் முகத்தை மட்டும் காட்டிப் பேசினார். என் கணக்கு மதிப்பெண்ணில் அப்பா இருபதைக் கூட்டிச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்து, “பரவால்லயே,” என்றாள். அதில் பாராட்டும் இருந்தது, சந்தேகமும் இருந்தது.

கம்பெனியிலும் இதே கதை. ஓனரும் ஒரு பெண், ஓனரம்மா என்பார்கள். நல்லவர். அம்மா வேலைக்குத் திரும்பிய அன்று வாசலுக்கே வந்து அழைத்துப் போய்க் கீழ்த்தளத்தில் ஒரு மேசைக்கு முன் நாற்காலியில் உட்காரவைத்தார். பட்டன் சரிபார்த்து, தொங்கும் நூலை வெட்டும் மேசை அது.

“மாடி ஏற வேணாம் மாஸ்டர். உட்கார்ந்த வேலையா பாருங்க. மேல ஒரு ஆளைப் போட்டிருக்கேன். உங்களுக்கு உடம்பு முக்கியம்.”

“எத்தனை நாளைக்கு மேடம்?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?”

அந்த மேசையில் ஏற்கெனவே இருந்தவரைப் பட்டன் அக்கா என்று கூப்பிடுவார்கள். அவர் நாற்காலியில் ஒரு குஷன் போட்டு, “ராணி மாதிரி உட்காருங்க மாஸ்டரக்கா,” என்றார்.

“எந்த ஊரு ராணி பட்டன் எண்ணுறா?” என்று அம்மா கேட்டாள். பட்டன் அக்கா சிரிக்க வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டார். அம்மாவுக்கு முன்னால் சத்தமாகச் சிரிப்பதைக்கூட அவர்கள் விட்டுவிட்டார்கள். சிரித்தால் அந்த இதயம் என்ன ஆகுமோ என்று பயம். அம்மா வந்தால் பேச்சு நிற்கும். போனால் தொடரும்.

அம்மா வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை என்று படுத்துக்கொண்டாள். பதினான்கு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அப்பா அதை ஓய்வு என்று நினைத்தார். நோட்டில் எடை சரியாக இருந்தது. கால் வீங்கவில்லை. டாக்டரும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறவள் ஏன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் அவளுக்கு அதிர்ச்சியாகிவிடும் என்று இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு அறையில் இதய நோயாளிகளை வட்டமாக உட்காரவைத்து ஒரு நர்ஸ் பேசவைப்பார். பலவகை மொழி பேசுகிறவர்கள் வருவார்கள். அந்த நர்ஸுக்கு மூன்று மொழி தெரியும். ஒருவர் பேசினால் மற்றவர்களுக்கு மாற்றிச் சொல்வார். அம்மாவுக்குத் துணையாக நான் போவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை லாரி ஓட்டியவர் ஒருவர் பேசினார். அவர் ஊர்ப்பக்கம் ஒருவருக்கு நோய் என்றால் ஊரே திரண்டு வந்துவிடுமாம். வந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அவர் எவ்வளவு நல்லவர் என்று ஒவ்வொருவராகச் சொல்லி அழுவார்களாம்.

“நான் உயிரோடதான் இருக்கேன்னு ஒரு போர்டு எழுதி மாட்டலாம்னு இருக்கேன்,” என்றார். நர்ஸ் அதை மாற்றிச் சொன்னதும் அறை முழுக்கச் சிரிப்பு.

அடுத்து ஒரு டீச்சர். அவர் வேறு தேசத்துக்காரர். அவருடைய ஆட்கள் இதய நோயை மனத்திடம் இல்லாதவர்களுக்கு வருவதாக நினைப்பார்களாம். அதனால் பள்ளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாத்திரையைக் கழிவறையில் வைத்து விழுங்குகிறார். வகுப்பில் மூச்சு வாங்கினால் பிள்ளைகளுக்கு எழுத வேலை கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நிற்பாராம்.

“நீங்க எப்படிம்மா?” என்று நர்ஸ் அம்மாவைக் கேட்டார்.



“டீச்சரோட நோய் யாருக்கும் தெரியாது. என் விஷயம் அப்படியே தலைகீழு. என் நோய் எல்லாருக்கும் தெரியும். மத்தது எதுவும் எனக்குத் தெரியாது.”

நர்ஸ் அதை இரண்டு மொழியில் சொல்லி முடிக்கும்வரை அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

அங்கிருந்து கிளம்பும்போது டாக்டர் எதிரே வந்தார். அம்மா அவரை நிறுத்தினாள்.

“டாக்டர், எனக்கு ஒரு கெட்ட செய்தி சொன்னா நான் செத்துடுவேனா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“மாத்திரைய விட்டீங்கன்னா எனக்குக் கவலை. உப்ப அள்ளிப் போட்டுக்கிட்டாக் கவலை. செய்திய மறைக்கச் சொல்லி நான் எந்தச் சீட்டுலயும் எழுதலையே.”

வழியில் அம்மா என்னிடம் ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நானாகச் சொல்வதற்கு இடம் கொடுத்தாள் என்று இப்போது நினைக்கிறேன். நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது.

புதுத் துணி வந்தால் அம்மா ஒவ்வொரு ரோலிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி அளந்து, துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி அளப்பாள். எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவை முன்கூட்டியே அளவில் சேர்த்துக்கொண்டுதான் கத்தியைத் தொடுவாள். அவள் இடத்தில் வந்த புது மாஸ்டர் வேறு மொழிக்காரர், வேலையில் கெட்டிக்காரர். ஆனால் அவர் முன்பு இருந்த கம்பெனியில் துணியைத் துவைத்துச் சுருக்கிய பிறகே மேசைக்கு அனுப்புவார்களாம். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வேலை மாஸ்டரக்காவோடு போன வேலை. மற்றவர்களுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

வேறொரு ஆஸ்பத்திரியின் பணியாளர்களுக்கு முந்நூறு வெள்ளைக் கோட்டுகள். எல்லாம் வெட்டியாகிவிட்டது. நாற்பது தைத்தும் ஆகிவிட்டது. மாதிரிக்கு ஒன்றை அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் வழக்கம்போல் கொதிக்கும் நீரில் துவைத்துப் பார்த்தார்கள். கோட்டு மூன்று விரல் குட்டையாகத் திரும்பி வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சரியான அளவில் வராவிட்டால் வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஒரு கடிதமும் கூட வந்தது.

மாடியில் ஒன்றுகூடி அவர்கள் எடுத்த முதல் முடிவு, மாஸ்டரக்காவுக்குத் தெரியக் கூடாது என்பது. அந்த ஆஸ்பத்திரி வேலையே இரண்டு வருஷம் முன்பு அம்மா போட்டுக் கொடுத்த மாதிரிக் கோட்டால் கிடைத்தது. இதைக் கேட்டால் அவள் இதயம் தாங்காது என்று பேசிக்கொண்டார்கள். பட்டன் அக்கா எனக்குப் போன் செய்தார்.

“கண்ணு, இங்க ஒரு சிக்கல். வீட்டுக்கு யாராவது போன் பண்ணி உளறிடப் போறாங்க. ஒரு வாரத்துக்கு அம்மா போனை நீயே எடு, சரியா?”

“சரிங்கக்கா.”

அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

இனி நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அம்மாவும் பட்டன் அக்காவும் சொன்னதுதான். இரண்டு பேரும் வேறு வேறாகச் சொன்ன இடங்களில் அம்மா சொன்னதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் தன் தப்பையே தேதியோடு சொல்கிறவள்.

நான்கு நாளாகப் பட்டன் மேசைக்கு வெள்ளைக் கோட்டு வரவில்லை. பள்ளிச் சட்டைகள்தான் வந்துகொண்டிருந்தன.

“கோட்டு எங்க?” என்று அம்மா கேட்டாள்.

“வரும்க்கா.”

“நாலு நாளா வந்துக்கிட்டே இருக்கு.”

“நூல் வரலியாம்க்கா. வெள்ளை நூல்.”

அம்மா கையிலிருந்த பள்ளிச் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். “அப்ப இந்த வெள்ளைச் சட்டைய எதால தெச்சாங்க? எச்சிலாலயா?”

பட்டன் அக்கா, “அக்கா, உங்க உடம்புக்கு...” என்று இழுத்தார். அவ்வளவு போதுமாக இருந்தது. அம்மா கத்திரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தாள்.

இருபத்திரண்டு படிகள். மூன்று இடத்தில் நின்றாள். எதையும் படிப்பதுபோல் பாவனை செய்யவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை, எல்லோரும் பார்க்க நின்றாள். பின்னாலேயே வந்த பட்டன் அக்கா, “இறங்கிடலாம்க்கா, இறங்கிடலாம்க்கா,” என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

மாடியில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஹேங்கரில் துவைத்த கோட்டு தொங்கியது. அம்மா கழுத்திலிருந்த டேப்பை எடுத்து நீளம் பார்த்தாள். பிறகு அகலம். பிறகு கை. பிறகு மேசைக்கு அடியில் பிளாஸ்டிக் போட்டு மூடியிருந்த கட்டுகளைப் பார்த்தாள்.

“எத்தனை?”

புது மாஸ்டர்தான் முன்னால் வந்தார்.

“முந்நூறு அக்கா. தப்பு என்னுது. நான் அக்காவுக்குச் சொல்லணும் சொன்னேன். இவங்க ‘சொல்லாதே, எங்க பழக்கம் உனக்குத் தெரியாது’ சொன்னாங்க. எங்க அப்பாவுக்கும் இதே நோய். அப்பாவுக்கு எல்லாம் சொல்வோம். நல்லா திட்டுவார். திட்டினா அன்னைக்கு உடம்பு நல்லா இருக்கு, அர்த்தம்.”

சத்தம் நின்றதைக் கேட்டு ஓனரம்மா அறையிலிருந்து வந்தார். அம்மாவைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“மாஸ்டர், யாரு உங்கள மேல வரச் சொன்னது? தண்ணி கொண்டாங்க. ஃபேனைத் திருப்புங்க.”

நான்கு பேர் ஓடினார்கள். அம்மா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“தண்ணி வேணாம். எனக்கு அளவு இருக்கு. ஒரு ஸ்டூல் போடுங்க. ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிட்டுப் பேசுறேன்.”

ஒரு நிமிஷம் முழுக்க அவள் மூச்சு வாங்க, அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். பட்டன் அக்கா அதைப்பற்றி இப்போதும் சொல்வார். அவ்வளவு நீளமான நிமிஷத்தை நான் பார்த்ததில்லை என்பார்.

“உங்க நல்லதுக்குத்தான் மாஸ்டர் சொல்லல,” என்றார் ஓனரம்மா.

“தெரியும் மேடம். அதான் கோபப்படக்கூட முடியல. நாலு மாசமா எல்லாரும் எனக்கு நல்லதே பண்றீங்க, நான் யாரு மேல கோபப்படறது?” அம்மா நிறுத்தி ஒரு மூச்சு எடுத்தாள். “இதயம் பாதிதான் வேலை செய்யுதுன்னு டாக்டர் சொன்னாரு. கண்ணு முழுசா வேலை செய்யுது. கை முழுசா வேலை செய்யுது. இந்தத் துணியத் துவைச்சுப் பார்த்தீங்களான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தைய நீங்க கீழ உட்காரவெச்சிட்டீங்க.”

ஓனரம்மா, “இப்ப என்ன செய்யறது?” என்று மட்டும் கேட்டார்.

அதுதான் அம்மாவுக்கு வேண்டியிருந்தது.

அவள் பார்த்துவிட்டிருந்தாள். துணி நீளத்தில்தான் சுருங்கியிருந்தது, அகலத்தில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். பெரிய அளவுக்கு வெட்டியது சுருங்கினால் நடு அளவின் நீளம் வரும். நடு அளவு சுருங்கினால் சிறிய அளவின் நீளம் வரும். ஆகவே தைக்காத கட்டுகளையெல்லாம் பிரித்து, மறுபடி அடுக்கி, பக்கவாட்டில் குறைத்து ஒரு அளவு கீழே வெட்ட வேண்டும். மிகப் பெரிய அளவுக்கு மட்டும் மீதியிருக்கும் ரோலில் புதிதாக வெட்ட வேண்டும். தைத்து முடித்த நாற்பதும், சிறிய அளவுக்கு வெட்டிய ஐம்பதும் போனதுதான். அவற்றுக்கு அம்மாவாலும் வழி சொல்ல முடியவில்லை. அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டாள்.

அன்றும் அடுத்த மூன்று நாளும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சாக்பீஸால் கோடு போட்டாள். புது மாஸ்டர் துணியை இழுத்து அடுக்கி, கத்தி ஓட்டினார். நடுவில் அவர் ஒரு வளைவைச் சற்று அவசரமாகத் திருப்பினார்.

“கத்திய விரட்டாதப்பா. அது போற வேகத்துல போகட்டும், நீ கூடப் போ.”

“அக்கா திட்டுறாங்க,” என்று அவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். “உடம்பு நல்லா இருக்கு.”

அம்மாதான் முதலில் சிரித்தாள். அதன் பிறகு மாடி முழுக்கச் சிரித்தது. வெள்ளிக்கிழமை மதியம் கோட்டுகள் போய்ச் சேர்ந்தன. புதிதாக வெட்டியதைச் சேர்த்தும் ஐம்பது குறைந்தது. அதை அடுத்த மாதம் தருவதாக ஓனரம்மா பேசி, ஒப்புக்கொள்ளவைத்தார்.

ஆனால் அம்மா மாடியேறிய அந்த முதல் நாள் மாலையை நான் இன்னும் சொல்லவில்லை. அம்மா வீட்டுக்கு வந்தாள். அத்தையையும் கூப்பிட்டுவிடச் சொன்னாள். எங்களை வரிசையாக உட்காரவைத்தாள்.

“ஒவ்வொருத்தரா சொல்லுங்க. என்கிட்ட என்னெல்லாம் மறைச்சீங்க?”

“யாரு என்ன மறைச்சா?” என்றார் அத்தை.

“அண்ணி, நீங்க ரிமோட்டைத் தலையணைக்கு அடியில வெச்சிருக்கறது எனக்குத் தெரியும். அதை விடுங்க. மத்ததச் சொல்லுங்க.”

அப்பா என் மதிப்பெண்ணைச் சொன்னார். உண்மையான மதிப்பெண். அம்மா என்னைப் பார்த்து, “அதானே பார்த்தேன்,” என்றாள். மாமாவை வீடியோவில் கூப்பிட்டு, “காலைக் காட்டுடா,” என்றாள். மாமா திருதிருவென விழித்து, போனைக் கீழே இறக்கி மாவுக்கட்டைக் காட்டினார். அம்மாவுக்குக் கண் கலங்கியது. “எவ்வளவு வலிச்சுதோ, நான் ஒரு வார்த்தை கேக்காம இருந்திருக்கேன். அக்கான்னு ஒருத்தி எதுக்கு?” என்றாள். அத்தை பயந்துபோய் அவள் கையைப் பிடித்தார். அம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

கடைசியாக நான். பட்டன் அக்கா போன் செய்ததையும் நான் சரி என்றதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“ஏன்டி, உனக்கு நான் செத்துடுவேன்னு பயமா?”

“ஆமா.”

“எனக்கும் பயம்தான். பயத்த ஒண்ணா உக்காந்து படலாம்ல. என்னை மட்டும் வெளிய உக்காரவெச்சிட்டு நீங்க மூணு பேரும் உள்ள பயந்துக்கிட்டு இருந்தா எப்படி?”

மறுநாள் காலை எடை பார்த்தாள். அப்பா, அத்தை, நான் மூவரும் சுற்றி நின்றோம். “பாருங்க. அவ்வளவு கெட்ட செய்தி கேட்டும் ஒரு கிராம் ஏறல,” என்று நோட்டில் எழுதினாள்.

கோட்டுகள் போய்ச் சேர்ந்த பிறகு திங்கட்கிழமை ஓனரம்மாவிடம் போனாள். என்ன முடியும், என்ன முடியாது என்று டாக்டரிடம் கேட்டு ஒரே தாளில் எழுதி எடுத்துப்போனாள். நின்று வேலை செய்ய முடியும், இடையிடையே உட்கார வேண்டும். துணி ரோல் தூக்க முடியாது. படி ஏறலாம், ஆனால் ஒரு நாளைக்குப் பல முறை முடியாது. மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரி. சில நாள் காலையிலேயே எடை ஏறியிருந்தால் வேலைக்கு வர முடியாது, அன்று போன் வரும்.

“மேசை எனக்கு வேணும் மேடம். பட்டன் மேசை இல்ல.”

“எனக்கும் பயமா இருக்கு மாஸ்டர். ஏதாவது ஆயிட்டா?”

“ஆச்சுன்னா யாரைக் கூப்பிடணும்னு அந்தத் தாள்ல கடைசி வரியில இருக்கு. வீட்டு நம்பர், டாக்டர் நம்பர். எல்லாருக்கும் தெரியற மாதிரி சுவர்ல ஒட்டுங்க. எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல.”

ஓனரம்மா தாளை இரண்டு முறை படித்தார். பிறகு புது மாஸ்டரைக் கூப்பிட்டு, மேசையைக் கழற்ற முடியுமா என்று கேட்டார். அது நான்கு துண்டாக போல்ட் போட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் சேர்ந்து அதைக் கீழே இறக்கி, பழைய துணி அடுக்கும் அறையைக் காலி செய்து அங்கே மாட்டினார்கள். கத்தி ஓட்டும் வேலையை அம்மாவும் புது மாஸ்டரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். துவைத்துப் பார்ப்பது, கோடு போடுவது, கடைசி வார்த்தை மூன்றும் அம்மாவிடம்.

மேசை கீழே வந்த பிறகு முதல் நாள் சாப்பாடு கொடுக்கப் போனபோது வாசலில் நின்று நான் பார்த்தேன். அம்மா மேசையின் ஒரு முனையில் நின்று, மறுமுனையில் புது மாஸ்டர் இழுக்க, துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பதாவது அடுக்கில் கையை எடுத்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கினாள். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் ஓடிவரவில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பட்டன் அக்கா தன் வீட்டுப் பூனை போட்ட குட்டிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல் சொன்னார். புது மாஸ்டர் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார், அவசரமில்லாமல்.

அம்மா எழுந்தாள். விரிந்திருந்த துணியை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டாள்.

“ம், இழு,” என்றாள்.